முகமில்லாத உருண்டைக்கு 139 வெள்ளி

இந்தக் கோல்ஃப் பயிற்சிக் கோலை வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் கிளப்பைக் கையில் எடுத்ததும் தோளிலிருந்து விரல் நுனிவரை விறைத்துப்போகிற ஆளா நீங்கள்? வாங்குங்கள். அடிக்கிற பந்தெல்லாம் அரிவாள் மாதிரி வலப்பக்கம் வளைந்து போகிறது, அதுதான் தலைவலி என்றால் வேண்டாம், அந்தக் காசை ஒரு நல்ல கோச்சிடம் கொடுங்கள். எனக்கு இரண்டு வியாதியும் இருந்தது. அதனால் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல், கூடவே இந்த நீளமான புலம்பல்.

பொருள் ஒரு பயிற்சிக் கோல், சிங்கப்பூர்க் காசுக்கு 139 வெள்ளி. வளைந்து நெளிகிற கறுப்புத் தண்டு, ஒரு முனையில் சாதாரண கோல்ஃப் கிரிப் (கைப்பிடி), மறுமுனையில் டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் சிறியதாக, கனமான ரப்பர் உருண்டை. கிரிப்பின் அடியில் இன்னொரு சின்ன எடை, கைப்பக்கம் சமமாக இருக்கட்டும் என்று. அவ்வளவுதான். பேட்டரி இல்லை, ஆப் இல்லை, போனோடு பேசாது. கோல்ஃப் ஸ்விங் மாதிரியே முன்னும் பின்னும் நிறுத்தாமல் ஆட்ட வேண்டும், பந்தை அடிக்கக் கூடாது. உளுந்து நிறுக்கும் தராசில் குறுக்காக வைத்துப் பார்த்தேன், 740 கிராம். என்னுடைய 7 அயர்ன் (நடுத்தர தூரம் அடிக்கிற கிளப்) 380 கிராம்தான், அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். பிராண்டுப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி நாலைந்து பேர் செய்கிறார்கள், நான் கடையில் எடுத்து ஆட்டிப் பார்த்தவரை எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், உருண்டையின் நிறம்தான் வேறு.

நான் பள்ளிக்கூட நாளிலிருந்து நாற்பது வயதுவரை பூப்பந்து ஆடியவள். சமூக மன்றத்தில் வாரம் இரண்டு நாள், பிள்ளை பிறந்த வருடம் தவிர விட்டதே கிடையாது. பூப்பந்தில் மணிக்கட்டுதான் எல்லாம். ராக்கெட் 100 கிராம்கூட இருக்காது, கையைப் பெரிதாக ஓங்காமலே கடைசி நேரத்தில் ஒரு சொடுக்கு சொடுக்கினால் போதும், எதிரே நிற்பவர் காலடியில் இறங்கும். அந்தச் சொடுக்கு உடம்பில் ஊறிப்போய்க் கிடக்கிறது. முழங்கால் தேய்ந்த பிறகு, அலுவலகத்தில் எல்லாரும் போகிறார்கள் என்று கோல்ஃபுக்கு வந்தேன் (கப்பல் சரக்குத் தொழிலில் பாதி வியாபாரம் அங்கேதான் பேசி முடிகிறது, அது தனிக் கதை). வந்த அன்றே தெரிந்துவிட்டது, முப்பது வருடமாகச் சேர்த்து வைத்த சொத்துதான் இங்கே எனக்கு எதிரி என்று.

ஏனென்றால் கோல்ஃபில் மேலேயிருந்து கீழே இறங்கும் ஸ்விங் மொத்தமே கால் நொடிக்குக் கொஞ்சம் கூட. கிளப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. "இப்போ சொடுக்கு" என்று மூளை சொல்லி, கை அதைக் கேட்டுச் செய்து முடிப்பதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். அதனால் சொடுக்கியே தீருவேன் என்கிற ஆள் என்ன செய்வாள், முன்கூட்டியே சொடுக்கிவிடுவாள். அதுதான் நான். கை இறங்க ஆரம்பித்த உடனேயே மணிக்கட்டில் மடக்கி வைத்த கோணம் அவிழ்ந்துவிடும். தூண்டில் வீசுகிற மாதிரி இருப்பதால் இதற்குக் காஸ்டிங் என்றே பெயர். பந்துக்கு வந்து சேரும்போது வேகமெல்லாம் செலவாகி, கிளப் தலை பந்துக்குப் பின்னால் தரையில் 'தொப்' என்று விழும். ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகும் இடத்தில், விரித்திருக்கும் ரேஞ்ச் மேட் இருக்கிறதே, அது மகா பொய்யன், பின்னால் அடித்தாலும் கிளப்பை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தில் சேர்த்துவிடும், பரவாயில்லையே என்று நினைத்துக்கொள்வோம். புல்லில் அதே அடி அடித்தால் மண்ணைத்தான் தோண்டும்.

மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வந்து கற்றுக்கொடுக்கும் ஒரு தமிழ் கோச் அண்ணனிடம் எட்டு வகுப்பு போனேன். முதல் நாளே கேட்டார், "என்னம்மா, கிளப்பா, தோசைக் கரண்டியா? தோசை கருகப் போவுது, விடுங்க." பத்து என்பது நெரிக்கிற பிடி, ஒன்று என்பது நழுவுகிற பிடி என்றால் மூன்று, நான்கில் பிடிக்க வேண்டும் என்பார். பந்து இல்லாமல் ஆட்டும்போது மூன்று. கீழே ஒரு பந்தை வைத்தவுடன் ஒன்பது. அந்தக் காலத்து அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட், பிஜிஏ டூர் போட்டிகளில் 82 முறை வென்றவர், கையில் குருவியைப் பிடித்திருப்பது போலக் கிளப்பைப் பிடிக்கச் சொன்னார் என்பார்கள். என் கையில் செத்த குருவிகளுக்குக் கணக்கில்லை. அண்ணனும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "நெளியிற கோல் ஒண்ணு விப்பாங்க, அத வாங்கி ஆட்டுங்க, நான் சொன்னா கேக்காத கை அது சொன்னா கேக்கும்" என்றார். சரி என்று ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன்.

வந்தது தப்பான நீளம். ஆண்களுக்கான நீளக் கோலை அனுப்பிவிட்டு, "இதுவும் நல்லா இருக்கும் மேடம்" என்று மெசேஜ் வேறு. நான் ஐந்தடி ஒரு அங்குலம். அதை ஆட்டினால் உருண்டை தரையில் உரசும். மாற்றிக் கொடுக்க 16 நாள், திருப்பி அனுப்பும் செலவு என் தலையில்.

சரியான நீளம் வந்ததும் காலை ஆறரைக்கு எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்தில் இருக்கும் திறந்தவெளிப் பூப்பந்துத் திடலுக்குப் போனேன். (கீழ்த்தளத்தில் ஆட்டாதீர்கள். தூண், தபால்பெட்டி, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகள், ஒன்றும் சரிவராது.) முதல் பத்து ஆட்டு, அவமானம். நான் பழக்க தோஷத்தில் மேலேயிருந்து வெடுக்கென்று இழுத்தேன், தண்டு வேறு பக்கம் நெளிந்து உருண்டை வந்து என் முதுகில் தட்டியது. வலிக்கவில்லை, ஆனால் யாரோ பின்னாலிருந்து தட்டிக் கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் தாய்ச்சி பண்ணிக்கொண்டிருந்த சீனத் தாத்தா ஒருவர் கையை நிறுத்தாமலே என்னைப் பார்த்து, "பெலான், பெலான்" என்றார். மெதுவா, மெதுவா. கோலோடு வந்த விளக்கத் தாளில் நாலு பக்கம் அச்சடித்ததில் இல்லாத விஷயம் அந்த ஒரு மலாய் வார்த்தையில் இருந்தது.

மெதுவாக ஆட்டும்போதுதான் கோல் பேச ஆரம்பிக்கிறது. பின்னால் கொண்டுபோகும்போது முதலில் கை போகும், உருண்டை ஒரு கணம் தயங்கிப் பிறகு வரும். உச்சியில் கை நின்ற பிறகும் உருண்டை கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும், அப்போது இடது கட்டைவிரலின் அடிச்சதையில் ஒரு சின்ன இழுப்பு தெரியும், கைக்குழந்தை விரலைப் பிடித்து இழுக்கிற அளவுக்குத்தான். அந்த இழுப்பு தெரிந்த பிறகு இறங்கினால் தண்டு ஒழுங்காக வளைந்து கூடவே வரும். தெரிவதற்கு முன்னால் இறங்கினால் முதுகில் தட்டும். விறைப்பாகப் பிடித்தால் இழுப்பே தெரியாது. ஆகவே பிடியைத் தளர்த்து என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, தளர்த்தாவிட்டால் ஆட்டவே முடியாது. இந்த ஒரு விஷயத்துக்கு முழு மதிப்பெண்.

இன்னொன்று சத்தம். வேகமாக ஆட்டும்போது 'விஷ்' என்று ஒரு சத்தம் வரும், அது எந்த இடத்தில் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எனக்கு முதல் வாரம் வலது காலுக்கு மேலேயே வந்துவிட்டது, அதாவது வேகம் அங்கேயே தீர்ந்தது. மூன்றாவது வாரம் நடுவில். ஒன்றரை மாதம் போனபிறகு ஒரு நாள் இடது பாதத்தைத் தாண்டி வந்தது, சத்தமும் வேறு மாதிரி, குட்டையாக, கூர்மையாக. அதற்கு நான் தனியாக எதுவுமே செய்யவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அப்போது எனக்கு அம்மா புடவை உதறுவது ஞாபகம் வந்தது. எங்கள் பழைய வீட்டில் பத்தாவது மாடி, மூங்கில் கம்பில் துணி கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுவோம். கோப்பதற்கு முன்னால் அம்மா நனைந்த நூல் புடவையை நாலாக மடித்து ஒரு உதறு உதறுவார், 'படார்' என்று பட்டாசு மாதிரி கேட்கும். நான் முழு பலத்தோடு உதறினாலும் அந்தச் சத்தம் வராது, ஈரம் முகத்தில் தெறிப்பதோடு சரி. அவர் கை பாதியிலேயே நின்றுவிடும், கை நின்ற பிறகுதான் துணியின் நுனி போய் அடிக்கும். ஸ்விங்கை ஆராய்ந்த இயற்பியல்காரர்கள் இரண்டு ஊசல்களை ஒன்றோடு ஒன்று கோத்தது போல இதை விளக்குவார்கள், கை ஒரு ஊசல், கிளப் ஒரு ஊசல், நடுவில் மணிக்கட்டு ஒரு கீல். கை வேகம் குறையும்போது அந்த வேகம் கிளப்புக்குப் போகிறது. கீலுக்கு எண்ணெய் போட்டு வைக்கலாம், ஆனால் கீலே கதவைத் தள்ள வேண்டும் என்று நினைக்கக் கூடாது. நான் அத்தனை நாளும் கீலைக்கொண்டுதான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ரேஞ்சில் பலன் தெரிந்தது. 95 யார்டு போய்க்கொண்டிருந்த 7 அயர்ன் 108, நல்ல நாளில் 110. அடி விழுந்த உணர்வே மாறியது, உள்ளங்கையில் அதிர்வது போய், ஒன்றையுமே அடிக்காத மாதிரி. பக்கத்துத் தடுப்பில் அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார் என்று சொன்னால் நம்புவீர்களா, பார்த்தார்.

ஆனால் பந்து முன்பைவிட அதிகமாக வலப்பக்கம் வளைந்தது.

இங்கேதான் என் எரிச்சல் ஆரம்பம். இன்னும் ஒழுங்காக ஆட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து இன்னொரு மூன்று வாரம் தினமும் நூறு ஆட்டு. கடைசியில் ஒரு நாள் கோலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த உருண்டையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தபோது, மண்டையில் உறைத்தது. இது உருண்டை. இதற்கு முகமே கிடையாது! கிளப்புக்கு முகம் உண்டு, பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் அந்த முகம்தான் முடிவு செய்கிறது. முகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று உருண்டை எப்படிச் சொல்லும்? எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அதே இழுப்பு, அதே விஷ். நான் தப்பை அழகாக, தாளத்தோடு, வேகமாகச் செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் விளக்குகிறேன், இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணிக்கட்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அது செய்வது மூன்று வேலை. சுத்தியலால் ஆணி அடிக்கும்போது மேலும் கீழும் அசைகிறதே, அது ஒன்று. கதவைத் தட்டும்போது முன்னும் பின்னும் அசைகிறதே, அது இரண்டு. பூட்டில் சாவி திருப்புவது மூன்று, அது உண்மையில் மணிக்கட்டே இல்லை, முன்கை திரும்புவது. இந்தக் கோல் முதல் வேலையைப் பிரமாதமாகக் கற்றுக்கொடுக்கிறது. மூன்றாவதை ஓரளவு. இரண்டாவதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. என் கோளாறு இரண்டாவதில். உச்சியில் என் இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடங்கி ஒரு கிண்ணம் மாதிரி குழிந்துவிடும் (வலது கை ஆட்டக்காரர்களுக்குச் சொல்கிறேன்). அது குழிந்தால் கிளப்பின் முகம் திறந்துவிடும், திறந்த முகம் வலப்பக்கம் அனுப்பும்.

அதைப் பிடித்துக் கொடுத்தது என் மகளின் பள்ளிக்கூட ஸ்கேல். 15 சென்டிமீட்டர், பிளாஸ்டிக். கோச் அண்ணன் சொல்லித்தான். கையுறையின் பட்டைக்குள், புறங்கைப் பக்கமாக ஸ்கேலைச் செருகி, பாதி கையின் மேலும் பாதி முன்கையின் மேலும் படுகிற மாதிரி வைத்து மெதுவாக ஆட்ட வேண்டும். மணிக்கட்டு குழிந்தால் ஸ்கேல் முன்கையில் குத்தும். என்னைக் குத்தி எடுத்துவிட்டது, இரண்டு நாள் சிவப்புக் கோடு, அலுவலகத்தில் பூனை பிறாண்டியதா என்று கேட்டார்கள். மூன்றாவது வாரம் குத்தவில்லை, பந்தும் ஒருவழியாக நேரே போக ஆரம்பித்தது. பிறகு பேராசைப்பட்டு அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் மாதிரி எதிர்ப்பக்கம் வளைத்துப் பார்த்தேன். அவர் இடது மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக நன்றாக வளைத்து நிறுத்தியே 2020 மாஸ்டர்ஸ் போட்டியை மொத்தம் 268 அடிகளில் முடித்து வென்றவர். நான் முடித்தது இடப்பக்கத்து வலையில். அவர் உடம்பு திரும்புகிற வேகத்துக்கு அது சரி, நமக்கு ஸ்கேல் நேராகப் படுத்திருந்தால் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மணிக்கட்டுதான் கோல்ஃபின் உயிர் என்று நினைத்துவிடாதீர்கள். கொரியாவின் இன்பீ பார்க் பின்னால் எடுக்கும்போது மணிக்கட்டை மடக்குவதே குறைவு, பார்க்கிறவர்களுக்கு ஏதோ சோம்பலாகத் தூக்குகிற மாதிரி இருக்கும். அந்த ஸ்விங்கை வைத்துக்கொண்டுதான் இங்கே செந்தோசாவில் 2015-லும் 2017-லும் கோப்பையைத் தூக்கினார், நடுவில் 2016-ல் ரியோவில் ஒலிம்பிக் தங்கம். அவருடைய வேகத்தைப் பாருங்கள், எல்லா அடியும் ஒரே தாளம். அந்தத் தாளத்தைத்தான் இந்தக் கோல் கொடுக்கிறது, ஆகவே அதைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை.

இனி சில்லறைக் குறைகள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கிரிப் பத்தே நிமிடத்தில் வழுக்குகிறது. நழுவினால் 740 கிராம் எங்கே போய் விழும் என்று யோசித்தாலே கை தானாக நெரிக்கும், அப்புறம் வாங்கிய காரணமே போயிற்று. கையுறை போடுங்கள், துண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதத்தில் கிரிப் அடி எடை லேசாக ஆட ஆரம்பித்தது, ஒவ்வொரு ஆட்டுக்கும் 'டொக்'. பசை போட்டு நானே ஒட்டினேன். ரப்பர் வாசனை ஒரு வாரம் வீட்டில் இருந்தது. பேருந்தில் கொண்டுபோனால் எல்லாரும் பார்ப்பார்கள், ஒரு பாட்டி அது என்ன, ஒட்டடைக் கம்பா என்று கேட்டார்.

முழங்கை விஷயம் மட்டும் சில்லறை இல்லை. முதல் வாரம் ஆர்வக்கோளாறில் ஒரே மூச்சில் 150 ஆட்டு ஆட்டினேன், வலது முழங்கையின் உட்பக்கம் வலி பிடித்துக்கொண்டது, தண்ணீர்ப் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. கோல்ஃபர் முழங்கை என்று அதற்குப் பெயரே இருக்கிறது, மணிக்கட்டை மடக்கும் தசைநாண்கள் வந்து சேரும் இடம் அது. இரண்டு மடங்கு கனத்தை விறைத்த கையால் ஆட்டினால் அங்கேதான் வந்து நிற்கும். பத்து நாள் ஓய்வு, பிறகு ஒரு தடவைக்கு இருபது, மூன்று தடவை, நடுவே இடைவெளி. விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கலாம்.

விலை அதிகமா? பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்தால் அதிகம்தான். ஆனால் இங்கே ஆட இடம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். ஒரே 18 குழிப் பொதுத் திடலாக இருந்த மரீனா பே, 2024 ஜூன் கடைசியோடு மூடிவிட்டது. ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016-லேயே கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காகப் போனது, அந்த ரயில் இன்றுவரை வந்து சேரவில்லை. நிலம் சின்னது, வீடு வேண்டும், எனக்குப் புரிகிறது, நானும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் கிளப் உறுப்பினராக இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு 18 குழி ஆட வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு ஃபெர்ரி அல்லது ஜொகூர் சுங்கச்சாவடி வரிசை, மற்ற நாளெல்லாம் ரேஞ்ச் மேட். அப்படிப்பட்ட நிலைமையில் வீட்டுக்குக் கீழேயே பதினைந்து நிமிடம் கையைப் பழக்கத்தில் வைத்திருக்க ஒரு கோல் என்பது அவ்வளவு மோசமான செலவு இல்லை. நான்கு மாதத்தில் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளியும் சொச்சமும், ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) காசு.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. உருண்டைக்குப் பதிலாகத் தட்டையாக ஒரு பக்கம் சீவி, கறுப்புக் கோடு ஒன்று போட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன், அந்தச் சின்ன வேலையை ஏன் யாரும் செய்ய மாட்டேன் என்கிறார்களோ தெரியவில்லை. நானே உருண்டையில் வெள்ளை டேப் ஒட்டிப் பார்த்தேன், மூன்றாவது நாள் வியர்வையிலும் பனியிலும் உரிந்துவிட்டது.

வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும் முன் நீளத்தைப் பாருங்கள், பிரித்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். கரோசல் இணையச் சந்தையில் பழையது 70, 80 வெள்ளிக்கு வருகிறது, தண்டில் விரிசல் இல்லையென்றால் அதுவே போதும். என்னுடையதை இப்போதைக்கு விற்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தாய்ச்சித் தாத்தா கேட்டு வாங்கிப் பத்து நிமிடம் ஆட்டுகிறார். கோல்ஃப் கிளப்பை அவர் தொட்டதே இல்லையாம். முதல் நாளே விஷ் சத்தம் சரியாக இடது பாதத்துக்கு மேலே வந்தது.